ஒரே காகிதத்தில் ஏழு கவுன்

சட்டைக் கவுனுக்கு அளவுக் காகிதம் பாதி உடம்புக்குத்தான் வெட்டி வைப்போம். துணியை இரண்டாக மடித்துப் போட்டு, மடிப்போடு காகிதத்தின் ஓரத்தை ஒட்டி வைத்து, சாக்பீஸால் கோடு போட்டு வெட்டினால் போதும். விரித்துப் பார்த்தால் முழு முதுகு இருக்கும். இடது பக்கம் எப்படியோ வலது பக்கமும் அப்படி. ஒரு பக்கத்தை அளந்தால் மறுபக்கத்தை அளக்க வேண்டியதில்லை என்பது எங்கள் தொழிலில் யாரும் வாயால் சொல்லாமலே தெரிந்துகொள்கிற விஷயம்.

அப்படி ஒரு காகிதம் என்னிடம் இருக்கிறது. நூல் கட்டைச் சுற்றி வந்த காக்கிக் காகிதம். ஓரமெல்லாம் நைந்துவிட்டது. மடிப்பில் கிழிந்ததற்குப் பின்னால் துணி வைத்து ஒட்டியிருக்கிறேன். அதை வைத்து என் மகளுக்கு ஏழு கவுன் வெட்டினேன். ஏழும் வேறு வேறு மாதிரி. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான் ஐந்தாவது வரை படித்தவன். நேரில் பேசச் சொன்னால் எனக்கு வாய் வராது. வந்திருந்தால் இதை எழுத வேண்டிய தேவையே இருந்திருக்காது.

அறுபதுகளில் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு முன் அறையில் மிஷின் போட்டிருந்தேன். என் மனைவி உள்ளே ராட்டையில் பட்டு நூல் சுற்றுவாள். தெருவில் முக்கால்வாசி வீடுகளில் தறி. நான் தைத்ததெல்லாம் நெசவுக்காரர்களுக்குச் சட்டை, அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு ரவிக்கை, பிள்ளைகளுக்குப் பாவாடை சட்டை.

குழித்தறியில் பத்து வருஷம் உட்கார்ந்தவருக்குத் தோள் இரண்டும் ஒன்றாக இருக்காது. ஒரு கை இழுத்துக்கொண்டே இருக்கும், ஒரு கை அடித்துக்கொண்டே இருக்கும். ஒரு தோள் இறங்கிவிடும். அரை இஞ்ச், சிலருக்கு முக்கால் இஞ்ச். டேப்பை வைக்கும்போதே என் விரலுக்குத் தெரியும். நான் ஒன்றும் கேட்க மாட்டேன். இறங்கிய பக்கத்துக்கு உள்ளே கேன்வாஸ் துணியும் கொஞ்சம் பஞ்சும் வைத்துத் தூக்கிக் கொடுத்துவிடுவேன். போட்டுக்கொண்டு சுவரில் மாட்டியிருக்கும் கண்ணாடியில் பார்ப்பார்கள். "உன் சட்டை போட்டாதான்பா மனுசன் நிமிந்து நிக்கிற மாரி இருக்குது" என்பார்கள். ஏன் அப்படி என்று அவர்கள் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. ஒருவர் உடம்பில் இருக்கும் குறையை அவரிடம் எடுத்துச் சொல்வது டெய்லருக்கு அழகில்லை என்று நினைத்திருந்தேன். என்னைப் போன்ற வாய் வராதவனுக்கு அது சௌகரியமாகவும் இருந்தது.

சட்டைக் கவுனை எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்தது ஒரு நர்ஸம்மா. பிரசவ ஆஸ்பத்திரியில் வேலை. இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு இருந்தார். கிறிஸ்தவக் குடும்பம். ஒரே பெண். அந்தப் பெண்ணும் என் மகளும் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. ஒருநாள் பட்டணத்திலிருந்து வந்த பழைய உடுப்பு ஒன்றை என் மிஷின் மேல் போட்டார்.

"இதே மாதிரி என் பொண்ணுக்கு ஒண்ணு தைக்கணும் டெய்லர்."

தூக்கிப் பார்த்தேன். காலர் இருந்தது. முன்பக்கம் கழுத்திலிருந்து கீழ்வரை பட்டன் பட்டி. இடுப்புக்குக் கீழே பாவாடை மாதிரி விரிந்து முழங்காலுக்குக் கீழே இறங்கியது.

"இது சட்டையாம்மா, கவுனாம்மா?"

"ரெண்டும்தான். மேல பையன், கீழ பொண்ணு. தைக்க வருமா வராதா?"

பக்கத்து வீட்டு நெசவுக்காரர் ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தார். வேலை இல்லாத நேரத்தில் என்னைக் கேலி செய்வது அவருக்குப் பொழுதுபோக்கு. "சட்டைக்கி வால் வெச்ச மாரி இருக்குதேம்மா" என்றார். "நம்ம டெய்லரை அப்படியே எனக்கும் ஒண்ணு வெட்டச் சொல்லுங்க. வேட்டி செலவு மிச்சம்."

உடுப்பைப் பிரிக்காமல் காகிதத்தின் மேல் பரப்பி, குண்டூசி குத்தி, பாதியை வரைந்து எடுத்தேன். ஒரு பகல் முழுக்க ஆனது. நர்ஸம்மா பெண்ணுக்கு வெள்ளைப் பாப்ளினில் தைத்துக் கொடுத்தேன். மறுவாரம் அதே காகிதத்தை வைத்து என் மகளுக்கு ஆரஞ்சுச் சீட்டித் துணியில் ஒன்று வெட்டினேன். அதுதான் முதல் கவுன். அப்போது அவளுக்கு எட்டு வயது. குட்டைக் கை, வட்டக் காலர், பக்கத்தில் ஒரு ஜோபி. அவள் அதுவரை போட்டதெல்லாம் பாவாடை. ஜோபி என்பது ஆண்பிள்ளைகளுக்குத்தான் என்று நினைத்திருந்தாள். இரண்டு நாள் கையை அதற்குள்ளிருந்து எடுக்கவில்லை. சாப்பிடும்போதும் இடது கை ஜோபிக்குள் இருந்தது.

இரண்டாவது கவுனில் காகிதத்தைச் சுற்றிலும் முக்கால் இஞ்ச் தள்ளி வெட்டினேன். பச்சைக் கோடு போட்ட துணி. முழங்கை வரை கை, இடுப்பில் அதே துணியில் பெல்ட்டு. எலும்பும் தோலுமாக இருந்தாலும் அதில் அழகாக இருந்தாள். என் வாழ்க்கையில் நான் எந்தக் கவலையும் இல்லாமல் வெட்டிய துணி என்றால் அந்த இரண்டுதான்.

மூன்றாவதற்கு அளவு எடுத்தபோது அவளுக்குப் பத்து முடிந்திருந்தது. பின்னால் நின்று தோளில் டேப்பை வைத்தேன். இடது தோளில் என் விரல் நின்றது. அரை இஞ்ச்.

"நேரா நில்லும்மா."

"நேராத்தான் நிக்கிறேன் நைனா."

தெருக் குழாயிலிருந்து குடம் தூக்குவாள். புத்தகப் பையையும் ஒரு தோளிலேயே மாட்டுவாள். அதனால் இருக்கும் என்று நினைத்தேன். நெசவுக்காரருக்குப் பத்து வருஷம் தறியில் உட்கார்ந்து வருவது பத்து வயதுப் பெண்ணுக்கு எப்படி வரும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவும் செய்தேன். யோசித்துவிட்டு, கேன்வாஸ் துணி வைத்திருக்கும் பெட்டியைத் திறந்தேன்.

அன்றுதான் அந்தக் காகிதத்தில் முதல் பென்சில் கோடு விழுந்தது. தோள் கோட்டுக்குக் கீழே அரை இஞ்ச்சில் ஒரு கோடு. பக்கத்தில் 'இ' என்று எழுதினேன். இடது. துணியை மடித்து வெட்ட முடியவில்லை. விரித்துப் போட்டு ஒரு பக்கம் தனியாக, மறுபக்கம் தனியாக வெட்டினேன். பெல்ட்டு வைக்கவில்லை. பெல்ட்டு கட்டினால் இடுப்பு ஒரு பக்கம் ஏறியிருப்பது தெரிந்தது.

போட்டுப் பார்த்தவள் தோளை அமுக்கிப் பார்த்தாள். "இன்னா நைனா, இந்தப் பக்கம் மட்டும் மெத்து மெத்துன்னு இருக்குது?"

"கவுன்னா உள்ள வெப்பாங்கம்மா."

"அவ கவுன்ல இல்லியே?"

"அது பழைய மாடல்."

என் மகள் நம்பினாள். வாசலுக்கு வந்த நர்ஸம்மா பெண்ணிடம், உன்னுடையது பழைய மாடல், என்னுடையதுதான் புதுசு என்று பெருமையடித்தாள். உள்ளே இருந்தபடி அதைக் கேட்டேன். இப்போதும் சில சமயம் மிஷினில் நூல் பாபின் மாற்றும்போது அந்தக் குரல் வந்துவிடும்.

நான்காவது கவுன் வெட்டுவதற்குள் அரை இஞ்ச் ஒரு இஞ்ச்சாகிவிட்டது. முதுகில் வலது பக்கம் தோள்பலகை எலும்பு கொஞ்சம் மேலே தள்ளிக்கொண்டு வந்தது. அதற்காக முதுகில் குறுக்கே ஒரு பட்டி வைத்து, அதற்குக் கீழே துணியைச் சுருக்கிவிட்டேன். சுருக்கம் நிறைய இருந்தால் மேடு தெரியாது. முன்பக்கம் மார்பில் இரண்டு ஜோபி வைத்தேன். பார்க்கிறவர் கண் அங்கே போகட்டும் என்று.

அந்த வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை என் மனைவி மகளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு, எண்ணெய்க் கையோடு கடைக்கு வந்தாள்.

"ஏங்க, பொண்ணு முதுகு ஒரு பக்கம் தூக்கிக்கினு இருக்குதே, பாத்தீங்களா?"

நான் மிஷினை நிறுத்தவில்லை. "தெனமும் டேப்பு வெச்சி அளக்கிறவன் நானு. எனக்குத் தெரியாதா? வளர்ற பொண்ணு. அப்படித்தான் இருக்கும்."

"அதுக்கில்லீங்க, கையில தட்டுப்படுது."

"ஒண்ணுமில்லன்னு சொல்றேன்ல."

நான் குரலை உயர்த்திப் பேசுகிறவன் இல்லை. அன்றைக்கு உயர்ந்தது. அவள் போய்விட்டாள். எங்கள் வீட்டில் உடம்பு அளவு பற்றி என் பேச்சுதான் கடைசிப் பேச்சு. வேறு எதிலும் எனக்கு அந்த மரியாதை கிடையாது.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பல தடவை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். டாக்டரிடம் போய்ப் பேசப் பயம் ஒன்று. அவர் ஏதாவது பெயர் சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும் என்பது இன்னொன்று. ஆனால் இந்த இரண்டையும்விட உண்மையான காரணம் வேறு. எழுதவே வெட்கமாக இருக்கிறது. கவுன் நன்றாக வந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் கண்ணாடி முன்னால் நேராக நின்றாள். நேராக நிற்பதை நான் கண்ணால் பார்த்தேன். என் கைவேலையை நானே நம்பிவிட்டேன்.

ஐந்தாவது கவுன்தான் ஏழிலும் சிறந்தது. தோள் முழுக்க மூடி முதுகில் இறங்குகிற அகலமான காலர், வெள்ளையில். கவுன் மாந்துளிர் நிறம். வலது பக்கம் கீழே ஒன்றே கால் இஞ்ச் நீளம் கூட்டி வெட்டியதால் ஓரம் தரைக்குச் சரியாக நின்றது. அதைப் பார்த்துவிட்டுத் தெருவில் மூன்று வீட்டில் தங்கள் பெண்களுக்கும் அதே மாதிரி காலர் வேண்டும் என்று கேட்டார்கள். தைத்துக் கொடுத்தேன். என் மகள் முதுகை மறைக்க வெட்டிய காலரைப் போட்டுக்கொண்டு மூன்று பெண்கள் பள்ளிக்கூடம் போனார்கள். அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

பன்னிரண்டரை வயதில் பெரியவளானாள். என் மனைவி தாவணி வாங்கி வைத்தாள். தாவணி என்றால் ரவிக்கை. ரவிக்கை முதுகோடு ஒட்டி நிற்கும். அதற்குள் ஒன்றும் ஒளித்து வைக்க முடியாது. "பள்ளிக்கூடம் போற வரைக்கும் கவுனே போடட்டும்" என்றேன். என் மனைவியின் சொந்தக்காரர்கள், வயதுக்கு வந்த பெண்ணை வெள்ளைக்காரிச்சி மாதிரி அலையவிடுகிறான் என்று பேசினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு பட்டன் துளைக்குக் காஜா எடுத்தேன்.

ஆறாவது கவுன் நீலம். நர்ஸம்மாவே துணி எடுத்து வந்தார். சிநேகிதிகள் இரண்டு பேருக்கும் ஒரே துணி, ஒரே மாதிரி கவுன், வைகாசி கருட சேவைக்குப் போட்டுக்கொண்டு போக. அவர் பெண்ணுக்குக் காகிதத்தை மடிப்பில் வைத்து நிமிஷத்தில் வெட்டிவிட்டேன். என் மகளுடையதற்கு இரண்டு நாள் ஆனது. பெருமாளுக்கு முன்னால் கூட்டத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிய வேண்டும் என்று அவ்வளவு பாடுபட்டேன். முடித்து இரண்டையும் ஆணியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியபோது, தோளுக்குள் பஞ்சு இருக்கிற கவுன் எது என்று எனக்கே ஒரு கணம் தெரியவில்லை.

சேவைக்கு நர்ஸம்மாதான் இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு போனார். வெயிலுக்குக் கூட்டத்தின் மேல் தண்ணீர் அடித்திருக்கிறார்கள். யாரோ நீர்மோரையும் கொட்டியிருக்கிறார்கள். தெப்பலாக நனைந்து நர்ஸம்மா வீட்டுக்குப் போய், கவுன்களை அலசிக் கொடியில் போட்டு, காய்ந்ததும் எடுத்து மாட்டிக்கொண்டார்கள். மாற்றி மாட்டிக்கொண்டார்கள்.

மதியம் என் மகள் தெருமுனையிலிருந்து நடந்து வந்ததைக் கடையிலிருந்து பார்த்தேன். நேராக வெட்டிய கவுனில் வந்தாள். இடது தோள் விழுந்திருந்தது. வலது பக்கம் முதுகில் துணி இறுகி, உள்ளே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. கீழே ஓரம் ஒரு பக்கம் முழங்காலைத் தொட, மறுபக்கம் கெண்டைக்காலுக்குப் போயிருந்தது. மூன்று வருஷமாக நான் பார்க்காமல் இருந்தது தெரு வழியாக நடந்து வந்துகொண்டிருந்தது.

என் மனைவியும் வாசலுக்கு வந்தாள். "இன்னாங்க, இப்படிக் கோணையா தச்சி வெச்சிருக்கீங்க? புள்ள இதைப் போட்டுக்கினா சாமி பாக்கப் போச்சி?"

"வெட்டுல தப்பு நேந்துடுச்சி" என்றேன். "சரி பண்ணிக் குடுக்கிறேன்."

அப்போதும் பொய்தான் சொன்னேன்.

மறுநாள் காலை நர்ஸம்மா தன் பெண்ணோடு கடைக்கு வந்தார். அந்தப் பெண் என் மகளுடைய கவுனைப் போட்டிருந்தாள். பக்கத்து வீட்டு நெசவுக்காரர் சட்டை அளவு கொடுக்க வந்து உட்கார்ந்திருந்தார். என் மகள் கடைக்கு உள்ளே பட்டன் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"டெய்லரே, கண்ணுல பொரை விழுந்துடிச்சா? பாரு. என் பொண்ணைச் சாஞ்ச தேர் மாதிரி ஆக்கி வெச்சிருக்கே."

அந்தப் பெண் வேண்டுமென்றே ஒரு பக்கம் சாய்ந்து நடந்து காட்டினாள். நெசவுக்காரர் சிரித்தார். "தேருக்குக் கட்டை குடுக்கிற மாரி தோள்ல மூட்டை வேற வெச்சிருக்காரும்மா. டெய்லர், எந்த ஊரு வேலைப்பாடுபா இது?"

நர்ஸம்மா சிரித்துக்கொண்டே தோளில் கையை வைத்தார். அமுக்கினார். சிரிப்பு நின்றது. தன் பெண்ணைத் திருப்பி, முதுகுச் சுருக்கத்துக்குள் விரலை விட்டார். குனிந்து கீழ் ஓரத்தை இரண்டு பக்கமும் ஒன்றாகப் பிடித்துப் பார்த்தார்.

"இது தப்பா வெட்டினது இல்ல" என்றார். "அளந்து வெட்டினது. இது என் பொண்ணு கவுனே இல்ல."

நான் கத்தரிக்கோலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, நீங்க அப்புறமா வாங்க" என்று நெசவுக்காரரை எழுப்பி அனுப்பினார். தன் பெண்ணையும் வெளியே நிற்கச் சொன்னார். என் மகளைக் கூப்பிட்டு, "கண்ணு, காலை ஒட்டி வெச்சி, கையைத் தொங்கவிட்டுக் குனிம்மா" என்றார். அவள் குனிந்தாள். முதுகின் வலது பக்கம் எழும்பி நின்றது. இடது பக்கம் பள்ளமாகக் கிடந்தது. நர்ஸம்மா அதன்மேல் உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழே தடவிப் பார்த்தார்.

"எத்தனை வருசமா?"

மேசைக்குக் கீழே கையை விட்டு அந்தக் காகிதத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். தோள் கோட்டுக்குக் கீழே பென்சில் கோடுகள் ஏணிப்படி மாதிரி இறங்கியிருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'இ'. அரை. ஒன்று. ஒன்றே கால். ஒன்றரை.

"பாவி மனுசா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "வீட்டுல தெரியுமா?"

தலையை ஆட்டினேன், தெரியாது என்று.

"நான் சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும். ஆனா இந்த வாரமே பட்டணத்துக்குப் போவணும். எலும்பு டாக்டருக்கு நான் சீட்டு எழுதித் தர்றேன்."

என் மகள் நிமிர்ந்து நின்று காகிதத்தைப் பார்த்தாள். ஏழாவது படிக்கிற பெண். இஞ்ச் கணக்குத் தெரியும். தன் தோளை ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். பிறகு சிந்திய பட்டன்களைப் பொறுக்கப் போய்விட்டாள்.

பட்டணத்தில் அந்த டாக்டர் நல்ல மனிதர். படம் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முதுகெலும்பு பாம்பு நெளிகிற மாதிரி இருந்தது. "எலும்பு வளர்ற வயசுலயே வந்திருக்கணும்" என்றார். "ரெண்டு மூணு வருசம் முன்னாடின்னா தோலும் இரும்பும் வெச்ச பெல்ட்டு போட்டு, இதுக்கு மேல வளையாம நிறுத்தியிருக்கலாம். இப்ப வளர்ச்சி முடியப் போவுது. ஆபரேசன் பண்ணலாம். ஆனா உயிருக்கு நான் உறுதி சொல்ல முடியாது." பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, "மொதல்ல யார் கவனிச்சது? எப்போ?" என்று கேட்டார்.

என் மனைவிதான் பதில் சொன்னாள். "இவர் டெய்லருங்க. தெனம் நூறு பேரு உடம்பை அளக்கிறவரு. இவர் கண்ணுக்கே தெரியலன்னா எங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

டாக்டர் என்னைப் பார்த்தார். என் மகளும் பார்த்தாள். நான் படத்தைப் பார்த்தேன்.

திரும்பி வரும்போது செங்கல்பட்டில் பஸ் மாறினோம். என் மனைவி ஜன்னலில் தலையைச் சாய்த்து அழுதுகொண்டே வந்தாள். தான் எண்ணெய் தேய்த்த கையைத் திட்டிக்கொண்டாள். கையில் தட்டுப்பட்டதே, பாவி நான் விட்டுவிட்டேனே என்றாள். விட்டது அவளில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஐயம்பேட்டையில் பஸ் நின்றது.

"நைனா, தாகமா இருக்குது. தண்ணி வாங்கிக் குடு" என்று மகள் என்னை இழுத்துக்கொண்டு இறங்கினாள். கடைக்காரர் பானையில் மொண்டு கொடுத்ததைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் சொன்னாள்.

"அம்மாகிட்ட சொல்லாதே."

"சொல்லித்தாம்மா ஆவணும்."

"சொன்னா முதுகு நிமிந்துடுமா? அம்மா உன்கூட பேசாது. அப்புறம் ரெண்டு பேர் நடுவுல நான்தான் மாட்டிக்குவேன். இருக்கிறது போதும்."

கண்டக்டர் விசில் கொடுத்தார். ஏறி உட்கார்ந்தோம்.

இது நடந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆபரேஷனுக்கு நாங்கள் துணியவில்லை. அவளுக்கு இப்போது இருபத்து நான்கு வயது. அம்மாவோடு உட்கார்ந்து பட்டு நூல் சுற்றுகிறாள். குடம் தூக்கினால் மூச்சு வாங்குகிறது. பெண் பார்க்க மூன்று பேர் வந்தார்கள். மூன்றாவது ஆள் வீட்டுப் பெண்கள் அவளை நடக்கவிட்டுப் பார்த்ததற்குப் பிறகு, இனி யாரையும் வரச் சொல்ல வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். நர்ஸம்மாவுக்கு வேறு ஊருக்கு மாற்றல் ஆகிவிட்டது. போகும்போது, சொல்லிட்டியா என்று என்னைக் கேட்டார். நான் அவர் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தேன். அவருக்குப் புரிந்தது.

இன்னும் சொல்லவில்லை. என் மனைவி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவளுக்கு எண்ணெய் தேய்க்கிறாள். அந்த மேட்டின் மேல் கை போகும்போது தன்னையே ஒரு வார்த்தை திட்டிக்கொள்கிறாள். முன் அறையில் எனக்குக் கேட்கும். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அது தெரிந்துதான் இதையும் எழுதுகிறேன்.

ஏழாவது கவுனைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.

பட்டணத்திலிருந்து வந்த மறுவாரம் என் மகள் கடைக்குள் வந்தாள். கையில் சாம்பல் நிறத் துணி. அம்மாவிடம் கேட்டு வாங்கி வந்திருந்தாள்.

"சட்டைக் கவுன் ஒண்ணு தச்சிக் குடு நைனா. மொத மொதல்ல தச்சியே, அந்த மாரி. ரெண்டு பக்கமும் ஒண்ணா."

"ஒண்ணா வெட்டினா நல்லா இருக்காதும்மா."

"தெரியும்."

"கொஞ்சமா வெச்சாவது..."

"ஒண்ணும் வெக்காதே."

துணியை இரண்டாக மடித்தேன். நர்ஸம்மா பெண்ணுக்குச் செய்கிற மாதிரி காகிதத்தின் ஓரத்தை மடிப்போடு ஒட்டி வைத்தேன். பென்சில் கோடுகள் இருந்த பக்கத்தைக் கீழே திருப்பிப் போட்டேன். வெட்டி முடிக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அவள் எதிரிலேயே நின்று கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஓரத்தில் ஏதாவது கூட்டிவிடுவேனோ என்று காவல் நின்றாள் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள். கண்ணாடியைப் பார்க்கவில்லை. உள்ளது உள்ளபடி தெரிந்தது. விழுந்த தோள், எழும்பிய முதுகு, ஏறி இறங்கிய ஓரம், எல்லாம். பக்கத்து வீட்டு நெசவுக்காரர் வாசலில் நின்றார். ஏதோ சொல்ல வந்தவர் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

என் மனைவி ஓடிவந்து கவுனை இப்படியும் அப்படியும் இழுத்துவிட்டாள். அது நிற்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் திரும்பினாள்.

"ஏங்க, உள்ள ஏதாச்சும் வெச்சித் தைக்கக் கூடாதா? தோளு கொஞ்சம் தூக்கலா தெரியிற மாரி? எத்தினி பேருக்குச் சட்டை தைக்கிறீங்க, பெத்த பொண்ணுக்கு இது ஒண்ணு பண்ணக் கூடாதா?"

நான் மிஷின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"வுடும்மா" என்றாள் என் மகள், பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டே. "அந்த மாரியெல்லாம் நைனாவுக்குத் தைக்கத் தெரியாது."